பிரவுசிங் சென்டர் நடத்தும் தம்பி தங்கச்சிகளுக்கு



கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று நம் பக்கத்து ஊர்களில் கம்ப்யூட்டர் இரண்டு, ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, லேமினேஷன் மெஷின் ஒன்று வைத்துக்கொண்டு ஊர்ச்சனத்தின் பாரங்களையெல்லாம் நிரப்பிக் கொடுக்கிறவர்களுக்கு இந்த மடல். பட்டா, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, காலேஜ் அட்மிஷன் என்று உங்கள் கை படாத காகிதம் நம் ஊரில் இல்லை. அதில் ஒன்றைப் பற்றித்தான் பேச வந்தேன்: பாஸ்போர்ட்.

கட்டணம் அதிகம் என்று புலம்புவதாக இருந்தால் வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதியிருப்பேன். அங்கே சொல்ல வேண்டிய வழக்கும் ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறேன். ஆனால் எங்கள் குடும்பத்திலும், பங்காளி வீடுகளிலும், மில் வேலைக்குப் போகும் பக்கத்து வீதிக்காரர்களிடமும் கேட்டுப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அரசாங்கம் வாங்குகிற முதல் கட்டணத்தில் யாரும் நொடிந்துபோகவில்லை. அதே பாஸ்போர்ட்டுக்கு இரண்டாவது முறை கட்டுகிற பணம்தான் உறுத்துகிறது. பேர் தப்பு, அவசரத்துக்குத் தட்கல், தப்பான வயதில் எடுத்த பிள்ளை பாஸ்போர்ட், போலீஸ் வந்தபோது ஆள் இல்லை என்று எல்லாம் அந்த இரண்டாவது பணத்தின் கணக்கு. அதை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் இடத்தில் டெல்லிக்காரர் யாரும் இல்லை. கீபோர்டுக்கு முன்னால் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

முதலில் விலைப்பட்டியல். உங்களுக்கு மனப்பாடம்தான், ஆனால் உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. பெரியவர்களுக்குப் பத்து வருஷம் செல்லும் 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய். 60 பக்கம் 2,000. பையர்களைப் பார்க்க அடிக்கடி பறக்கும் திருப்பூர்க்காரர்களுக்கு அது சரி, மற்றவர்களுக்குத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1,000. தட்கல் என்றால் எதுவானாலும் மேற்கொண்டு 2,000. பெரியவர்களுக்கு ஆயிரமாக இருந்தது ஆயிரத்தைந்நூறு ஆனது 2012 அக்டோபர் 1-ந் தேதி. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த எண்ணிக்கை நகரவில்லை. பவுன் விலையோடு இதை ஒப்பிட்டால் அமைச்சகத்துக்கு ஒரு நன்றிக் கடிதமே எழுதலாம்.

ஆனால் ஒரு ஆளுக்கு என்று பார்ப்பது வேறு, ஒரு வீட்டுக்கு என்று பார்ப்பது வேறு. அப்பா, அம்மா, பத்து வயதில் ஒன்று, பன்னிரண்டு வயதில் ஒன்று என்று நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 5,000 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு நிர்ணயித்த கூலி நாளைக்கு 336. அப்படியானால் பதினைந்து நாள் கூலி. அமெரிக்காவில் புதிதாக எடுக்கும் பெரியவர் ஒருவர் 165 டாலர் கட்டுகிறார், நம் பணத்தில் பதினாலாயிரத்துக்குப் பக்கம். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் அங்கே மணிக்கு 7.25 டாலர் என்ற அடிமட்டக் கூலிக்கு வேலை செய்கிறவருக்கும் அது மூன்று நாள் சம்பளம்தான். நம் ஆளுக்கு 1,500 ரூபாய் என்பது நாலரை நாள் கூலி. நம்முடையது மலிவு என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எட்டு வயதுக்குக் கீழேயும் அறுபது வயதுக்கு மேலேயும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, 2017-இல் அறிவித்தார்கள். புதிதாக எடுப்பதற்கு மட்டும்தான் அது. புதுப்பிக்க வரும் அப்பாருக்கும் அம்முச்சிக்கும் முழுக் கட்டணம். அறுபதைத் தாண்டியவர்களில் கையில் பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்தான் மறுபடி மறுபடி வருவார்கள், மகள் வீட்டுப் பிரசவத்துக்குச் சிங்கப்பூரோ டல்லாஸோ போக. சலுகை அவர்களைத் தொடவே இல்லை.

இனி உங்கள் கூலி. உழைப்புக்குக் காசு வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து ஆவணம் பார்த்து, ஓடிபி வாங்கி, சர்வர் தொங்கும்போது பொறுத்து, அப்பாயின்ட்மென்ட் போட்டுத் தருகிறீர்கள். பொதுச் சேவை மையங்களில் விண்ணப்பம் போட்டுத் தர 100 ரூபாய் என்று 2013-லேயே வைத்தார்கள். இன்றைக்கு அது கட்டுப்படியாகாது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். முன்னூறோ ஐந்நூறோ வாங்குங்கள். என் வருத்தம் தொகையைப் பற்றியது இல்லை. "எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு" என்று ஒரே வாயில் சொல்கிறீர்களே, அதைப் பற்றியது. அதில் அரசாங்கத்துக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று கேட்கும் துணிச்சல் தறி ஓட்டுகிறவருக்கு வராது. பாஸ்போர்ட்டே இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் என்று ஊருக்குப் போய்ச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே எடுத்துக்கொண்டு வருவார். அதனால் ஓர் அட்டை எழுதி மாட்டுங்கள். ஒரு பக்கம் அரசுக் கட்டணம், மறுபக்கம் எங்கள் கூலி. இரண்டும் தனித்தனியாக இருந்தால் போதும்.

பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தேவையில்லை என்ற வேடிக்கையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலேயே, ஏ கவுன்டரில், கேமரா முன்னால் உட்கார வைத்து எடுத்துவிடுகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் போட்டோ கொண்டுபோக வேண்டியது நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு. வீட்டுக்கு எட்டு காப்பி என்று போட்டோ போட்டுக் கொடுத்து நூறு ரூபாய் வாங்கும் கடை எங்கள் பக்கம் ஒன்று இருக்கிறது. ஊர் பேர் வேண்டாம். அதைவிட மோசம் போலி இணையதளங்கள். அசல் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும். அதே மாதிரிச் சின்னம் போட்டு, வேறு முடிவோடு இருக்கும் தளங்களில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் கடைசியில் உங்களிடம்தான் வருகிறார்கள். கட்டிய பணத்தை அப்போது யாராலும் மீட்க முடியாது.

இப்போது பேர் விஷயம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது. கவுண்டர், நாயக்கர், செட்டியார் எல்லாம் பத்திரிகையில் போடுவதோடு சரி, சர்டிபிகேட்டில் இருப்பது ஒரு பேரும் ஓர் இனிஷியலும். பாரமோ கிவன் நேம் என்கிறது, சர்நேம் என்கிறது, இனிஷியலை விரித்து எழுது என்கிறது. சண்முகத்தின் மகன் முத்துசாமி அங்கே போய் முத்துசாமி சண்முகம் ஆகிறார். அமெரிக்காவில் இறங்கியதும் எல்லாரும் அவரை மிஸ்டர் சண்முகம் என்று அப்பா பேரைச் சொல்லி அழைக்க, அவர் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறார். அது பரவாயில்லை. சர்நேம் கட்டத்தையே காலியாக விட்டால் என்ன ஆகும் என்பதை 2022 நவம்பரில் பார்த்தோம். ஐக்கிய அரபு அமீரகம் அந்த மாதம் 21-ந் தேதி முதல், ஒற்றைப் பேர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசா கிடையாது என்றது. அடுத்த சில நாளில் இரண்டாம் பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். நடுவில் சார்ஜாவுக்கு டிக்கெட் எடுத்துவைத்த நம் ஊர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமா? சர்நேம் கட்டத்தைக் காலியாக விடலாமா என்று யாராவது கேட்டால், அப்பா பேரை எழுதச் சொல்லுங்கள்.

அந்த அப்பா பேரை எப்படி எழுதுவது? கொங்கு நாட்டில் கல்லெறிந்தால் ஒரு பழனிசாமி மேல் விழும். அவரை ஆங்கிலத்தில் எழுத, நடுவில் எஸ் போடுவதா சிஹெச் போடுவதா, டபிள்யூ உண்டா இல்லையா, கடைசியில் ஒய்யா ஐயா என்று வீட்டுக்கு ஒரு வழக்கம். ஒரே ஆளுக்கே மூன்று வழக்கம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று. மகனுடைய பாரத்தில் நீங்கள் ஆதாரைப் பார்த்து ஒரு மாதிரி அடிக்கிறீர்கள், மூன்று மாதம் கழித்து மகளுடையதை மார்க் ஷீட்டைப் பார்த்து வேறு மாதிரி அடிக்கிறீர்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆளுக்கோர் அப்பா. குடும்பத்தோடு விசாவுக்குப் போகும்போது அது தெரிய வரும். திருத்த மறுவெளியீடு, மறுபடி 1,500.

இதற்கு ஒரு சின்னக் காரணம் இருக்கிறது. சோமனூர்ப் பக்கம் ஒரு கடையில் என் முறை வரும்வரை ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்டது. மேசைக்கு அந்தப்புறம் தம்பி, இந்தப்புறம் நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா, விசைத்தறி வீடு. கையில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஆதார். மானிட்டரின் முகம் தம்பி பக்கம். அந்த அக்கா பார்த்துக்கொண்டிருந்தது மானிட்டரின் முதுகையும் அதில் தொங்கும் ஒயரையும். "அப்பா பேருங்க்கா?" "ராமசாமி." தம்பி அடித்துவிட்டார். எத்தனை ஏ என்று அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அந்த அக்காவுக்கும் தெரியாது. "படிப்பு?" "பத்தாவது பாஸுங்க." "ஊட்டுக்காரர் பேரு?" ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பிரின்ட் அவுட்டைக் கவருக்குள் வைத்து, கவரைப் பைக்குள் வைத்து, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதத்தை அவர் படிக்கவில்லை. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை, பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.

மானிட்டரைத் திருப்புங்கள். நான் கேட்பதில் முதலாவதும் முக்கியமானதும் இதுதான். சப்மிட் அழுத்துவதற்கு முன்னால் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, பேர், அப்பா பேர், அம்மா பேர், பிறந்த தேதி, பிறந்த ஊர் என்று ஒவ்வோர் எழுத்தாகக் காட்டுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் என்றால் கூட வந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். சேவா கேந்திரத்திலும் ஏ கவுன்டரில் திரையைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள், சின்னத் தப்பை அங்கேயே திருத்தியும் விடலாம். ஆனால் ஏசி அறையில், டோக்கன் நம்பர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், சட்டை போட்ட ஆபீசர் முன்னால் நம் ஆட்களுக்கு வாய் வராது. "சரிதானுங்களா?" என்று கேட்டால் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். உங்கள் கடையில் அவர்களுக்கு வாய் வரும்.

பொம்பளைப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஒன்று. நம் பக்கம் கல்யாணம் ஆனதும் இனிஷியலை மாற்றுவது வழக்கம். தாலி ஏறிய மாசமே பாஸ்போர்ட்டிலும் புருஷன் பேரைப் போட வேண்டும் என்று மாமியார் வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள், நீங்களும் மறுவெளியீட்டுக்குப் போட்டுவிடுகிறீர்கள். பேரை மாற்ற வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கல்யாணச் சான்றிதழ் கட்டாயம் என்பதையும் 2016 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். புருஷனோடு வெளிநாடு போகும் விசாவுக்கு அவர்கள் கேட்பது திருமணப் பதிவுச் சான்று. தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்தாக வேண்டும், அதனால் அது எப்படியும் கையில் இருக்க வேண்டியதுதான். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் இருந்துவிட்டுப் போகட்டுமே. டிகிரி சர்டிபிகேட்டிலும் அந்தப் பேர்தானே இருக்கிறது? மாற்றினால் இதற்கு 1,500, அப்புறம் பேங்க், பான், விசா என்று வரிசையாக ஓட வேண்டும். "மாத்தித்தான் ஆகணுமாங்க்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடியுங்கள். மாற்றுவேன் என்று அந்தப் பெண்ணே சொன்னால் மாற்றுங்கள், அது அவர் இஷ்டம்.

பிள்ளைகள் கணக்குக்கு வருகிறேன். டெல்லிக்கு எழுத வேண்டிய வழக்கு என்று முதலில் சொன்னது இதுதான். பெரியவருக்கு 1,500 ரூபாயில் பத்து வருஷம், வருஷத்துக்கு 150. பிள்ளைக்கு 1,000 ரூபாயில் ஐந்து வருஷம், வருஷத்துக்கு 200. பார்க்கச் சின்னக் கட்டணமாகத் தெரிவது உண்மையில் பெரிய கட்டணம். முகம் மாறும், அதனால் ஐந்து வருஷம்தான் தர முடியும் என்பது நியாயமான காரணம். அப்படியானால் விலையும் பாதியாகத்தானே இருக்க வேண்டும்? 750 என்று வைத்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

அதுவரை உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை பாஸ்போர்ட் ஐந்து வருஷம் அல்லது பதினெட்டு வயது, எது முந்தியோ அதுவரைதான் செல்லும். பதினைந்து வயது முடிந்த பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய் கட்டினால் மூன்று வருஷம்கூடக் கிடைக்காது. ஆனால் பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள் இருப்பவர்கள் விரும்பினால் 1,500 கட்டிப் பத்து வருஷப் பாஸ்போர்ட்டாகவே வாங்கலாம். பாரத்தில் அதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் பார்க்காமல் தாண்டிப்போகிற கடைகள் நிறைய. ப்ளஸ் டூ முடித்து வெளிநாட்டுக் காலேஜுக்கு ஓடும்போதுதான் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் முடிந்துபோனது தெரியும், அப்போது தட்கல், 3,500. அதேபோல பதினாலரை வயதில் புதுப்பிக்க ஒருவர் வந்தால், உடனே பயணம் இல்லையென்றால் ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்களுக்கு ஒரு வேலை குறையும். அந்த வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க உங்கள் கடைக்குத்தான் வருவார்.

கைக்குழந்தைகளுக்கு: 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான அத்தாட்சி பிறப்புச் சான்றிதழ் ஒன்று மட்டும்தான். நம் ஊரில் பேர் வைக்காமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, சீர் செய்து பேர் வைத்தபின் அதைச் சேர்க்க மறந்துவிடுவது சகஜம். சான்றிதழ் பிரின்ட் எடுக்க உங்களிடம் வரும்போதே பேர் ஏறியிருக்கிறதா, அப்பா அம்மா பேரில் எழுத்து சரியா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற முத்திரை பற்றிச் சுருக்கமாக. பத்தாவது பாஸ் ஆனவர், வருமான வரி கட்டுகிறவர், ஐம்பது வயது தாண்டியவர் ஆகியோருக்கு அந்த முத்திரை வேண்டியதில்லை. வளைகுடா, மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவரை மட்டும் அது நிறுத்தி வைக்கும். மார்க் ஷீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டத்தைத் தப்பாக டிக் செய்துவிட்டால், முத்திரையை எடுக்க மறுபடி ஒரு 1,500.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும், கோபிக்காதீர்கள். ஈமெயில் இல்லாதவர்களுக்குக் கடை ஈமெயிலையே போடுகிறீர்கள். போன் நம்பரும் சில சமயம் கடை நம்பர். பாஸ்வேர்டு உங்கள் நோட்டில். இதனால் இரண்டு கேடு. போலீஸ் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்ற எஸ்எம்எஸ் உங்களுக்கு வருகிறது, அந்த வீட்டுக்குத் தெரியாது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டாலும் போன் உங்கள் கடையில் அடிக்கும். வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிப் போய்விட்டால் ஃபைல் நின்றுவிடும். அப்புறம் கோவை தண்டு மாரியம்மன் கோவிலுக்கு எதிரே இருக்கும் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அலைய வேண்டும், வால்பாறையிலிருந்தோ தாளவாடியிலிருந்தோ என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போச்சு. கோவைக்கென்று தனி அலுவலகம் வருமுன் திருச்சிக்கு ஓடிய தலைமுறைக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் எஸ்டேட் கூலிக்காரருக்கு இன்றைக்கும் பெரிதுதான். வருகிறவர் போனிலேயே ஓர் ஈமெயில் உண்டாக்கிக் கொடுங்கள், பாஸ்வேர்டை அவர் ரேஷன் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாலும் சரி.

விலாசமும் அப்படித்தான். பையன் அவிநாசியில் பனியன் கம்பெனி ரூமில் இருக்கிறான், ஆதார் விலாசம் கோபி என்றால், போலீஸ் எங்கே வர வேண்டும், அன்றைக்கு அவன் எங்கே இருப்பான் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். விண்ணப்பத்தை நாட்டின் எந்தச் சேவா கேந்திரத்திலும் கொடுக்கலாம் என்ற வசதி 2018-இல் வந்துவிட்டது. ஈரோடு மாதிரி ஊர்களில் தபால் நிலையத்திலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. பக்கத்தில் எது, எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கும் என்று பார்த்துப் போட்டுக் கொடுத்தால் அதுவும் பணம்தான்.

போலீஸ் விசாரணைக்குக் கட்டணம் கிடையாது. அந்த வேலைக்காக மத்திய அரசு மாநிலப் போலீசுக்கு, 21 நாளுக்குள் அறிக்கை அனுப்பினால், ஒரு விண்ணப்பத்துக்கு 150 ரூபாய் தருகிறது. இது தெரியாமல் ஐந்நூறை உறையில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. அதைவிடக் கொடுமை, "ஸ்டேஷனுக்கு ஒரு ஐந்நூறு எடுத்து வைங்க" என்று சில கடைகளிலேயே முன்கூட்டிச் சொல்லி அனுப்புவது. யாரும் கேட்காத லஞ்சத்தை நீங்கள் ஏன் நிர்ணயம் செய்கிறீர்கள்?

தட்கல் பற்றி நிறைய எழுத வேண்டாம். சாவு, ஆஸ்பத்திரி, திடீர் வேலை என்றால் அது வரம். போலீஸ் அறிக்கைக்குக் காத்திராமல் வந்துவிடும். ஆனால் பெரும்பாலான தட்கல், காலாவதித் தேதியைப் பார்க்காததால் வருவது. முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். சிங்கப்பூரும் மலேசியாவும் அமீரகமும் இன்னும் ஆறு மாதமாவது செல்லும் பாஸ்போர்ட் இருந்தால்தான் உள்ளே விடும். ஆகவே புத்தகத்தில் அச்சடித்த தேதிக்கு அரை வருஷம் முன்னாலேயே அது உபயோகத்துக்கு ஆகாமல் போய்விடுகிறது. உங்களிடம் எல்லார் நம்பரும் இருக்கிறது. கடை நோட்டில் காலாவதி மாதத்தையும் எழுதி வைத்து, ஒரு வருஷம் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். எல்ஐசி ஏஜென்ட் பிரீமியத்துக்குப் போடுகிறாரே அதேபோல. நாலு பேர் வீட்டுக்கு 8,000 ரூபாய் தட்கல் பணம் மிச்சம், உங்களுக்கோ அடுத்த வருஷத்து வியாபாரம் இப்போதே உறுதி.

லேமினேஷன் மெஷின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: பாஸ்போர்ட்டை அதற்குள் விட்டுவிடாதீர்கள். டிசி, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் லேமினேட் செய்து பழகிய ஊர் இது, பெரியவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். சேதமான பாஸ்போர்ட்டுக்கும் தொலைந்துபோன பாஸ்போர்ட்டுக்கும் மாற்று வாங்க 3,000 ரூபாய், முழுதாக இரட்டிப்பு. மழையில் நனைந்தது, செல்லரித்தது, பேரன் கிறுக்கியது எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். இருபது ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் உறை விற்றுக் கொடுங்கள்.

கட்டிய பணம் ஒரு வருஷத்துக்குச் செல்லும், அப்பாயின்ட்மென்டை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் திரும்ப வராது என்பதையும் ரசீது கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள். சந்தேகத்துக்கு 1800-258-1800 என்ற இலவச எண் இருக்கிறது. மண்டல அலுவலகங்கள் அவ்வப்போது பாஸ்போர்ட் அதாலத் நடத்துகின்றன, முடங்கிய ஃபைல்களை நேரில் பார்த்துத் தீர்த்து வைக்க. அந்த அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக வரும், தறிக்காரர் கண்ணில் படாது. உங்கள் கண்ணில் பட்டால் வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே அந்த விலை அட்டையும் இருக்கட்டும். பிள்ளைகள் கட்டணத்தை 750 ஆக்கச் சொல்லி நம் எம்.பி.க்களுக்கு ஆளுக்கொரு மனு எழுதப் போகிறேன். கையெழுத்துக்கு உங்கள் கடைக்குத்தான் வருவேன், ஜெராக்ஸும் அங்கேதான்.

இப்படிக்கு,
உங்கள் கடை ஸ்டூலில் அடிக்கடி உட்காரும் ஒரு கோவைக்காரன்